காட்டு ஓடையும் கலங்கல் ஓடையும்

அத்தை மகளுக்குக் காட்டு ஓடை கிடைத்தது. எனக்கு எங்கள் லைன் வீடுகளுக்குப் பின்னால் ஓடும் கலங்கல் ஓடை. மூன்றாம் பாரத்தோடு பள்ளியை விட்டவள் நான். படித்ததெல்லாம் மறந்தாயிற்று, இந்த அநியாயம் மட்டும் மறக்கவில்லை.

ஒரு விடுமுறையில் யூனிவர்சிட்டியிலிருந்து ஓர் அக்கா எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தார். ஓடையில் கல்லுக்கடியில் வாழும் பூச்சிகளை எண்ணுவது அவர் வேலை. காட்டிலிருந்து வரும் தண்ணீரில் என்னென்ன இருக்கிறது, காய்கறித் தோட்டங்களைத் தாண்டி வரும் தண்ணீரில் என்னென்ன இருக்கிறது என்று எழுதி மேலிடத்துக்குக் கொடுக்க வேண்டுமாம். கலங்கல் ஓடையில்தான் லைனில் எல்லாரும் குளித்தோம், துவைத்தோம். சொறி வருகிறது என்று ஆபீஸ் கிராணியிடம் சொல்லிச் சொல்லி அம்மாவுக்கு அலுத்திருந்தது.

பூச்சி பிடித்துக் கொடுக்க எங்கள் இருவருக்கும் ஆளுக்கோர் ஓடையும் வலையும் வெள்ளைத் தட்டும் கிடைத்தன. அத்தை மகள் ஏற்கெனவே நல்ல நிறம், சுருட்டை முடி, பரீட்சையில் முதல். போதாததற்கு அவள் தட்டும் முதல் நாளே திருவிழாவாக இருந்தது. மூன்று வால் உள்ள பூச்சி, கல்லோடு ஒட்டிக்கொள்ளும் தட்டைப் பூச்சி, மணலை ஒட்டிக் கூடு கட்டி அதற்குள் குடியிருக்கும் புழு. அக்கா “அடேயப்பா!” என்று படமெடுத்துத் தள்ளினார். என் தட்டில் சேறும் நாலு சிவப்புப் புழுவும். அக்கா “ம்” என்று எழுதிக்கொண்டார். அந்த “ம்” என்னைத் தின்றது.

“உன் ஓடையில பூச்சிகூட குடிவராது போல லா,” என்றாள் அத்தை மகள்.

“மேல கோஸ் தோட்டத்து மண்ணெல்லாம் இதுலதான் எறங்குது. நான் என்னடி பண்றது?”

“வலைய ஒழுங்காப் பிடி. ஒனக்குக் கைராசி இல்லடி.”

எங்கள் வீட்டில் தெரிந்த நியாயம் ஒன்றுதான். கொழுந்து நிறுக்கும்போது யார் மூட்டை கனமோ, அவர் கெட்டிக்காரர். மூட்டை இளைத்திருந்தால் கங்காணி பார்ப்பதற்குள் முற்றிய இலையைத் திணித்து, மேலே கொஞ்சம் தண்ணீர் தெளிப்பதும் உண்டு. பூச்சிக்கும் அதே சட்டம்தான் என்று நினைத்தேன். மறுநாள் அத்தை மகள் கால் கழுவப் போன நேரத்தில், அவள் பூச்சி சேர்த்து வைத்திருந்த வாளியிலிருந்து இரண்டு கை அள்ளி என் தட்டில் போட்டேன்.

அக்கா குனிந்து பார்த்தார். “இதெல்லாம் இந்த ஓடையிலயா எடுத்தே?”

“ஆமாக்கா. பாலத்துக்குக் கீழ.”

படமெடுப்பார் என்று முடியை ஒதுக்கிக்கொண்டேன். அவரோ வலையை வாங்கிக்கொண்டு ஓடையில் இறங்கினார். மதியம் வரை கல் கல்லாகப் புரட்டினார்; அந்த மாதிரி ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. முழங்கால் வரை சேற்றோடு அவர் ஏறி வந்தபோது, என் தட்டிலிருந்த பூச்சிகள் பாதி மல்லாந்து கிடந்தன.

“நேத்து எடுத்தது நெசமா? இன்னிக்கு மட்டும்தானே வேற எடத்துப் பூச்சியப் போட்டே? சொல்லுடா, திட்டமாட்டேன்.”

இரண்டு நாளும் நானே பிடித்தேன் என்று சாமி மேல் சத்தியம் செய்தேன். பயந்தவள் செய்யும் சத்தியம் உறுதியாகத்தான் இருக்கும்.

பிற்பகலில் பேய்மழை. ஓடை பால் தேத்தண்ணி நிறத்தில் பொங்கியது. யாரும் கால் வைக்க முடியவில்லை. மறுநாள் காலை அக்கா மலையை விட்டுக் கீழே இறங்கியாக வேண்டும். சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் செய்ததை அம்மாவிடம் அவர் சொல்லவில்லை.

“கணக்குல சந்தேகம் வந்திருச்சு ஆன்ட்டி. நான் ஒரு நாள் தேடினது மட்டும் பத்தாது. இந்த ஓடைய ரிப்போர்ட்ல சேக்க முடியாது. காட்டு ஓடை மட்டும்தான்.”

அம்மா எழுந்தே விட்டாள். “அப்ப எங்க தண்ணி கெட்டுப் போச்சின்னு யாரும்மா எழுதுவா? இன்னும் ரெண்டு நாள் இருந்து பாரேன். எங்க வீட்லயே தங்கிக்கலாம் லா.”

அக்கா எழுந்து வாசலுக்கு நடந்தார். அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை கேட்டுக்கொண்டே போனாள்.

நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். அத்தை மகளின் ஓடை மட்டும் ரிப்போர்ட்டில் ஏறப் போகிறதே என்று வயிறு எரிந்தது. அவளுக்குச் சமமாக என் பெயரும் வர வேண்டும் என்றுதான் அம்மா அப்படிக் கெஞ்சுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.