வீட்டைக் கட்டியவர் அக்காதான்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. அச்சுக்குப் போகவிருந்த படியில், "கணவர் கட்டிய அழகிய இல்லத்தில் நிறைவாக வாழ்ந்தார்" என்று ஒரு வரி இருந்தது. மாமாவின் அண்ணன் எழுதியது. அந்த வரியை அடித்து நீக்கியவன் நான். ஏன் அடித்தேன் என்பதை எல்லோரும் அறியவே இதை எழுதுகிறேன்.

அக்கா கிணத்துக்கடவில் பிறந்தார். பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. சூலூரில் தறி ஓட்டும் மாமாவுக்கு வாழ்க்கைப்பட்டு, இருபது வருடம் வாடகை வீடுகளில் இருந்தார். பிறகுதான் மனை வாங்கினார்கள். பேசிவைத்த கொத்தனார் அடித்தளம் போட்டு, கிழக்குச் சுவரை இடுப்பளவு எழுப்பிவிட்டு, "நாளைக்கு வாரேனுங்க" என்று போனார். நாற்பது நாள் வரவில்லை. நாற்பதும் என் நாட்குறிப்பில் இருக்கின்றன.

அக்கா தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுப் பார்த்தார். சுவர் இரண்டு விரல் அளவு வெளியே சாய்ந்திருந்தது. அக்காவும் நானும் கொத்தனாரைத் தேடிப் போனோம். "நீங்க வரலீன்னா நானே கட்டிக்கறேனுங்க" என்றார் அக்கா.

கொத்தனார் சிரித்தார். "பொம்பளைங்க கல்லு சொமக்கலாமுங்க அம்மணி. கரணை புடிச்சா ஊடு நிக்குமுங்களா?"

"நீங்க புடிச்சே நிக்கலீங்களே."

அன்று மாலையே அந்தச் சுவரை அக்கா இடித்தார். அடுத்த பதினான்கு மாதம், காலையில் சமைத்துவைத்துவிட்டு மனைக்குப் போய், கொத்தனார் கரண்டியான கரணையைத் தானே பிடித்துக் கட்டினார். ஞாயிற்றுக்கிழமைகளில் கலவை போட நான் போவேன். மாமாவின் அண்ணன் ஒருமுறை வந்தார், வாசலோடு நின்றார். "ஆளு வெச்சுக் கட்ட வக்கில்லையான்னு நாலு பேரு கேக்கறாங்க மாப்ள. எங்களுக்கு அசிங்கமா இல்லீங்களா?" என்றார் என்னிடம். ஒரு கல்லையும் எடுத்துக் கொடுக்கவில்லை. இன்று "அழகிய இல்லம்" என்று எழுதியவர் இவர்தான்.

அக்காவுக்கு வீம்பு என்று சொன்னவர்கள் உண்டு. வீம்பு இல்லை. கூரை கான்கிரீட்டுக்கும் ஒயரிங்குக்கும் அவரே ஆள் வைத்தார். "தெரியாததுல கை வெச்சா அது வேலை இல்லடா தம்பி, திமிரு" என்பார். கோட்டைமேட்டிலிருந்து வந்த எலக்ட்ரீசியன் பாய் சுவரைத் தடவிப் பார்த்து, "எந்த மேஸ்திரிங்க இது?" என்று கேட்டார். அக்கா கரணையைத் தூக்கிக் காட்டினார். அன்று முதல் பாய் அவரை "மேஸ்திரியம்மா" என்றே அழைத்தார். சொந்தத்தில் ஒருவர்கூட அப்படி அழைக்கவில்லை.

பால் காய்ச்சிய அன்று, வீடு கட்டியவருக்கு மரியாதை செய்யத் தட்டு எடுத்துவைத்தார்கள். வேட்டி, துண்டு, வெற்றிலை பாக்கு. மாமாவின் அண்ணன் அதே கொத்தனாரை வரவழைத்திருந்தார். ஓடிப்போனவர் கூசாமல் முன்னால் வந்து நின்றார். மாமா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா அடுப்படியில் எல்லோருக்கும் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தார். பெரியவர்கள் சொன்னதும் தட்டை எடுத்துக் கொத்தனார் கையில் கொடுத்தவன் நான்.

பந்தி முடிந்ததும், "ஏனக்கா பேசாம இருந்தே?" என்று கேட்டேன்.

"வேட்டியக் கட்டிட்டு நான் எங்கடா போறது?" என்று சிரித்தார். பிறகு, "நீயாவது சொல்லுவேன்னு பார்த்தேன்" என்றார். அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேசியதே இல்லை.

நோயில் கிடந்த கடைசி மாதம், ஜன்னல் வழியே கொல்லையில் பூசாமல் நின்ற பின்சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "மழைக்கு முன்னால பூசிப்போடு தம்பி. மணலை நல்லா சலிச்சுக்க" என்றார். பூசினேன். அங்கே மேடுபள்ளமாகத் தெரிவது என் வேலை. மற்ற சுவர்களில் குறை தேடுவோர் தூக்குக்குண்டு கொண்டு வரலாம்.

நோயின்போது சோறு கொண்டுவந்த பக்கத்து வீட்டாருக்கும், துக்கத்துக்கு முதல் ஆளாக வந்த பாய்க்கும், கூரை போட்டவர்களுக்கும் எங்கள் நன்றி. கொத்தனாருக்கு நன்றி இல்லை. அவருடைய மரியாதையை அவர் அன்றே வாங்கிக்கொண்டார்.

இன்று அக்காவின் படத்துக்கு முன்னால் ஒரு தட்டு இருக்கும். புதுச் சேலை, வெற்றிலை பாக்கு, கழுவித் துடைத்த அவருடைய கரணை. வைத்தவன் நான். எத்தனை பெரியவர் சொன்னாலும், அந்தத் தட்டை எடுத்து இன்னொருவர் கையில் கொடுக்க மாட்டேன்.