காத்து பிடித்த கதை

நுரையீரலில் ஒரு கட்டி. புற்றுநோயா இல்லையா என்று தெரிய, என் முதுகில் ஊசி விட்டுத் துளி சதை எடுத்தார்கள். அதற்கு முன்னால் டாக்டரம்மா ஒரு தாளைப் படித்துக் காட்டினார். ஊசி போன ஓட்டை வழியாகச் சிலருக்கு நுரையீரலிலிருந்து நெஞ்சுக்குள் காற்று கசியுமாம். வீட்டுக்குப் போனபிறகு கசிவது ரொம்ப அபூர்வமாம். கோயில் குலுக்கலில் ஒரு பிளாஸ்டிக் குடம்கூட விழாதவன் நான். எனக்கா வரப்போகிறது என்று கையெழுத்தைப் போட்டேன்.

ரெண்டு நாள் படுத்திருக்கச் சொன்னார்கள். நான் படுப்பேனா? மறுநாளே உச்சிவெயிலில் பாகூர் ஏரிக்கரை வழியாக பைக்கில் போய்க் கரும்பைப் பார்த்துவிட்டு வந்தேன். செருப்பைக் கழற்றக் குனிந்தால் மூச்சு வரவில்லை. வாயைத் திறந்தால் பாதி வார்த்தை உள்ளேயே நிற்கிறது.

என் பொண்டாட்டி உடனே முடிவு கட்டிவிட்டாள். "உச்சி நேரத்துல அந்த ஏரிக்கரப் புளியமரத்தாண்ட போவாதய்யான்னு தலப்பாடா அடிச்சிக்கினேனே, கேட்டியா? காத்து புடிச்சிடுச்சு!" நெற்றி நிறையத் திருநீறு பூசினாள். எலுமிச்சம்பழம் தேடி ஓடியவளை, மொதல்ல ஆஸ்பத்திரிடி என்று ஜாடை காட்டி ஆட்டோவில் ஏற்றினேன்.

அங்கே அதே டாக்டரம்மா. எனக்குப் பேச்சு வரவில்லை, அவள்தான் பேசினாள். "இவருக்குக் காத்து புடிச்சிடுச்சுங்க."

டாக்டரம்மா எக்ஸ்ரேயைப் பார்த்தார். "கரெக்டா சொன்னீங்கம்மா. காத்துதான். நுரையீரல அமுக்குது."

அடேயப்பா, அவள் என்னைப் பார்த்த பார்வை! முப்பது வருஷச் சண்டையில் ஒருநாளும் அவள் அப்படி ஜெயித்ததில்லை.

விலாவில் குழாயைச் சொருகி, மறுமுனையைத் தரையிலிருந்த தண்ணீர் பாட்டிலில் விட்டார்கள். புளுக் புளுக்கென்று குமிழி வர வர எனக்கு மூச்சு திரும்பியது. அவள் பாட்டில் பக்கத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். "போவுது பாருய்யா சனியன்!" ஒவ்வொரு குமிழியையும் திட்டித் திட்டி வழியனுப்பினாள். சிரிக்க வைக்காதடி, வலிக்குது என்று கெஞ்சினேன். மூணாம் நாள் குமிழி நின்றது, குழாயை எடுத்தார்கள்.

அடுத்த வாரம் ரிசல்ட். டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை. புற்றுநோய்தான், வைத்தியம் இருக்கு, பார்க்கலாம் என்றார். சொல்ல வெட்கமாக இருக்கிறது, நான் பயந்துவிட்டேன்.

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் போய் நின்றாள்.

"அந்தக் குழாயத் திரும்பப் போடுங்க டாக்டரம்மா. எத்தினி நாளானாலும் நான் பாட்டில பாத்துக்கினு உக்காந்திருக்கேன்."