சபையில் சொல்லாமல் விட்ட நான்கு ஞாயிறு

தானியேல் அண்ணா, உன்னிடம் சொல்ல வேண்டியதை உன் முகத்தைப் பார்த்தே சொல்லிவிட்டேன். இது மற்றவர்களுக்கு. வீட்டில் இந்த நோயோடு ஒருவரை வைத்துக்கொண்டு, ஜெபிக்கவும் முடியாமல் விடவும் முடியாமல் இருப்பவர்களுக்கு.

நான் எட்டாவது வரைதான் படித்தேன். நாமக்கல் பக்கம் ஒரு கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்குகிறேன். அண்ணன் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் வெல்டர். அப்பா இல்லை. அம்மாவும் நாங்கள் இருவரும்தான்.

முதலில் அண்ணனுக்குப் பல் ஈறில் இரத்தம் வந்தது. பிறகு தொடையில் நீலத் திட்டுகள். பட்டறையில் இரும்பு இடித்திருக்கும் என்றான். காய்ச்சல் பத்து நாள் விடாமல் அடித்த பிறகுதான் ராசிபுரத்தில் இரத்தம் சோதித்தோம். சீட்டைப் பார்த்த டாக்டர் அன்றைக்கே சேலம் போகச் சொன்னார்.

சேலத்தில் இடுப்பெலும்பில் ஊசி போட்டு மஜ்ஜை எடுத்தார்கள். அக்யூட் லுக்கேமியா (வேகமாகப் பெருகும் இரத்தப் புற்றுநோய்) என்றார் டாக்டரம்மா. கீமோ (புற்று அணுக்களை அழிக்கும் மருந்தை நரம்பில் ஏற்றுவது) ஆரம்பித்தார்கள். முடி கொட்டியது. வாயெல்லாம் புண்.

எங்கள் சபை சின்னது, தகரக் கொட்டகை. ஜெபம் கேட்பவர்களின் பெயரை ஒரு நோட்டில் எழுதி வைப்பார்கள். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் பாஸ்டர் ஐயா ஒவ்வொரு பெயராக வாசிப்பார். சுகம் கிடைத்தால் அந்த வீட்டார் முன்னால் வந்து சாட்சி சொல்ல வேண்டும். சொல்லி முடித்ததும் தங்கள் கையாலேயே அந்தப் பெயரை அடித்துவிட வேண்டும். அதுதான் வழக்கம்.

முதல் சுற்று முடிந்ததும் டாக்டரம்மா சொன்னார், "ரத்தத்துல இப்ப கெட்ட செல் எதுவும் தெரியல. இதை ரெமிஷன்னு சொல்லுவோம்." ரெமிஷன் (நோய் அடங்கியிருப்பது; போய்விட்டதாக அர்த்தமில்லை). அடைப்புக்குள் எழுதியிருப்பதையும் அவர் அன்றே சொன்னார். நான் முதல் வாக்கியத்தோடு கேட்பதை நிறுத்திவிட்டேன்.

அந்த ஞாயிறே முன்னால் போய் நின்றேன். கர்த்தர் எங்கண்ணன் இரத்தத்தைச் சுத்தமாக்கிவிட்டார் என்றேன். எல்லோரும் கை தட்டினார்கள். பாஸ்டர் ஐயா பேனாவைக் கொடுத்தார். அண்ணன் பெயரை இரண்டு கோடு போட்டு அடித்தேன்.

கூட்டத்தில் போகக் கூடாது என்பதால் அண்ணன் வீட்டில் இருந்தான்.

"ஏம்புள்ள, இன்னும் ரெண்டு வருசத்துக்கு மருந்து இருக்குதுன்னாங்களே, அதைச் சொன்னியா?"

"அதெல்லாம் எதுக்குண்ணா?"

"அது சரி. பாதி படம் பாத்துட்டுக் கத சொல்றவளாச்சே நீ."

ஐந்து மாதம் மருந்தைத் தவறாமல் சாப்பிட்டான். ஆறாவது மாதம் மறுபடியும் காய்ச்சல். ரிலாப்ஸ் (அடங்கிய நோய் திரும்புவது) என்றார்கள். அம்மா அங்கேயே உட்கார்ந்துவிட்டார். எனக்கு முதலில் வந்த நினைப்பை மறைக்க மாட்டேன். இனி சபையில் எப்படி முகம் காட்டுவது என்றுதான் நினைத்தேன்.

அம்மா ஆஸ்பத்திரியில் தங்கினார். நான் வேலைக்குப் போய்க்கொண்டு இடையில் போய் வந்தேன். அண்ணன் கேட்டது ஒன்றுதான்.

"பாப்பா, ஞாயித்துக்கெழம சபையில சொல்லி எனக்கு ஜெபம் பண்ணச் சொல்லு."

ஞாயிறு வந்தது. யாருக்காவது விண்ணப்பம் உண்டா என்று பாஸ்டர் ஐயா கேட்டார். பாதி எழுந்தேன். பக்கத்தில் இருந்த அக்கா என் கையைப் பிடித்தார். அவர் வீட்டுக்காரருக்குச் சிறுநீரகம் பழுது. "உங்கண்ணனை நெனச்சுத்தான் கண்ணு நான் தைரியமா இருக்கறேன்," என்றார். உட்கார்ந்துவிட்டேன். அம்மா எங்கே என்று கேட்டவர்களிடம் மருந்து வாங்கச் சேலம் போயிருக்கிறார் என்றேன்.

சாயங்காலம் பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

"சொன்னியா?"

"சொன்னேண்ணா."

"என்ன பண்ணுனாங்க?"

"எல்லாரும் அழுது ஜெபிச்சாங்க."

அண்ணன் கண்ணை மூடிக்கொண்டான். முகம் லேசாகிவிட்டது. அதைப் பார்த்த பிறகு உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. இப்படியே நான்கு ஞாயிறு போனது. வீட்டில் நானும் ஜெபிக்கவில்லை. என்னை எல்லார் முன்னாலும் நிற்க வைத்துப் பொய்க்காரி ஆக்கிவிட்டீரே என்று ஆண்டவரிடம் சண்டைதான் போட்டேன். அப்போது அவர் இருக்கிறாரா என்றே எனக்குத் தெரியவில்லை. இல்லாதவரிடம் ஏன் சண்டை போடுகிறாய் என்று என்னையே கேட்டுக்கொள்வேன்.

நான்காம் ஞாயிறுக்கு மறுநாள் நான் கட்டில் பக்கத்தில் இருந்தபோது பாஸ்டர் ஐயா அண்ணனுக்குப் போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டிருந்தான்.

"தம்பி, அடுத்த வாரம் கூட்டம் வெச்சிருக்கறோம். நீயே வந்து சாட்சி சொல்லிப்போடு."

அண்ணன் என்னைப் பார்த்தான். கையில் டிரிப் ஏறிக்கொண்டிருந்தது.

"ஐயா, ஆஸ்பத்திரியில படுத்திருக்கறனுங்க. மறுக்காவும் வந்துருச்சுங்க."

போனை மார்பின் மேல் வைத்தான். பிறகு கேட்டான், "நாலு வாரமா யாருகிட்டப் புள்ள சொன்ன? கோழிகிட்டயா?"

அழுதேன். எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா என் முதுகில் ஒரு அடி வைத்தார். அண்ணன்தான், "உடும்மா," என்றான். "ஒரு ஞாயித்துக்கெழம இல்ல பாப்பா, நாலு. உனக்கு என்னைய விட அவங்க பெருசாப் போயிட்டாங்களா?" அது இன்னும் வலிக்கிறது. பிறகு, "ஆனா ஒண்ணு. ஜெபிக்கறாங்கன்னு நெனச்சு நிம்மதியாத்தான் தூங்குனேன். ஒருத்தரும் ஜெபிக்காம அந்த நிம்மதி எங்கிருந்து வந்துச்சுன்னு ஆண்டவர்கிட்டக் கேட்டுச் சொல்லு," என்றான். இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

மறுநாள் பாஸ்டர் ஐயா பஸ்ஸில் வந்தார். என்னைத் திட்டவில்லை. "நானுந்தான் டாக்டர் என்ன சொன்னாருன்னு கேக்காம உன் கையில பேனாவைக் குடுத்தேன்," என்றார். என்ன ஜெபிக்கட்டும் என்று அண்ணனிடம் கேட்டார்.

"வாய்ப்புண்ணு கொஞ்சம் ஆறோணுங்க. ரெண்டு வாய் சோறு திங்கோணும்."

அதற்கு மட்டும் ஜெபித்தார். மறுநாள் மதியம் அண்ணன் தயிர்சோறு ஐந்தாறு வாய் சாப்பிட்டான். நர்ஸ் புது மருந்து தடவியிருந்தார். இரண்டில் எது என்று நான் யாரிடமும் சொல்லப் போகவில்லை.

பதினோரு நாள் சபை ஜெபித்தது. நியூட்ரோபீனியா (வெள்ளை அணுக்கள் குறைந்து கிருமியை எதிர்க்க முடியாத நிலை) வந்து, கிருமி இரத்தத்தில் கலந்து, ஒரு மதியம் இரண்டரை மணிக்கு அண்ணன் போய்விட்டான். அம்மா காலைப் பிடித்திருந்தார். நான் கையை.

நான்கு வாரம் முன்பே சொல்லியிருந்தால் பிழைத்திருப்பானா என்று டாக்டரம்மாவிடமே கேட்டேன். "அது மருந்துக்கே கேக்காத நோயும்மா," என்றார். பாஸ்டர் ஐயாவிடம் கேட்டேன். "ஜெபம் கம்மியாப் போச்சுன்னு உசுரை எடுக்கறவர் இல்ல கண்ணு நம்ம ஆண்டவர்," என்றார். சில நாள் இதை நம்புகிறேன். சில நாள் இல்லை. நம்பாத நாளிலும் அவரிடம்தான் பேசுகிறேன். முன்பு சத்தமாகக் கேட்டேன். இப்போது இருப்பதை இருக்கிறபடி சொல்கிறேன். உங்களிடம் சொல்ல எனக்குத் தெரிந்ததும் அதுதான். டாக்டர் சொல்வதை முழுக்கக் கேளுங்கள். நோய் திரும்பினால் மறைக்காதீர்கள். சபையில் என் கையைப் பிடித்த அக்காவிடம் பிறகு உண்மையைச் சொன்னேன். அவர் இன்னும் என் பக்கத்தில்தான் உட்காருகிறார்.

ஆஸ்பத்திரி நடைபாதையில் அண்ணனைப் பிடித்துக்கொண்டு நடந்து நடந்து என் கால் அந்த வேகத்துக்கே பழகிவிட்டது. சேலம் பஸ் ஸ்டாண்டில் எல்லோரும் என்னைத் தாண்டிப் போகிறார்கள். எனக்கு அவசரம் வருவதில்லை. அவன் போய் ஏழு மாதம் என்கிறார்கள். என் உடம்புக்கு அப்படித் தெரியவில்லை.

இறந்தவர்களுக்காக ஜெபிப்பது எங்கள் சபையில் முறையில்லை. தெரியும். ஆனால் அவன் உயிரோடு இருக்கும்போது கேட்டதை நான் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை. நேற்று இன்று என்ற கணக்கு நமக்குத்தான், ஆண்டவருக்கு இல்லை என்று சொல்லித் தந்திருக்கிறார்கள். அதை நம்பி இப்போது சேர்க்கிறேன்.

பெயர் தானியேல். வயது இருபத்தாறு. லாரி பட்டறையில் வெல்டர். எல்லோரும் அவனுக்காக ஒரு நிமிடம் ஜெபம் செய்யுங்கள்.