மாற்றுவதற்கு வாங்கிய கயிறு

விருத்தாசலத்தில் வீடு கேட்டுப் போன இடத்திலெல்லாம் முதலில் பார்த்தது என் கழுத்தைத்தான். என்ன வேலை, எந்த ஊர் என்பதெல்லாம் அதற்குப் பிறகு. அப்போது என் கழுத்தில் ஒன்றுமில்லை. என்னைக் கட்டிக்கொடுத்திருந்த திட்டக்குடி வீட்டிலிருந்து கிளம்பியபோது, புருஷன் கட்டிய தாலியைக் கழற்றி அவருடைய அம்மா கையிலேயே கொடுத்துவிட்டு பஸ் ஏறிவிட்டேன். அந்த மனிதரைப் பற்றி இங்கே சொல்ல எதுவுமில்லை. எல்லாவற்றையும் கோர்ட்டில் சொல்லியாகிவிட்டது.

கோர்ட் வாய்தா கொடுத்தது. கொடுத்துக்கொண்டே இருந்தது. அவர் வந்தால் அவருடைய வக்கீல் வரமாட்டார். இரண்டு பேரும் வந்த அன்றைக்கு நீதிபதி விடுப்பில் இருப்பார். இதற்கிடையில் நான் செராமிக் எஸ்டேட்டில் பொம்மை செய்யும் யூனிட் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தேன். பக்கத்து யூனிட்டில் சூளை பார்க்கும் ஒருவரை எனக்குப் பிடித்துப்போனது. மனைவியை இழந்தவர். அதிகம் பேசமாட்டார், நன்றாகச் சமைப்பார். சேர்ந்து இருக்கலாம் என்று நான்தான் சொன்னேன். அவர் ஒரு டீ குடிக்கிற நேரம் யோசித்துவிட்டு, “சரிங்க” என்றார்.

சேர்ந்து இருக்க வீடு வேண்டும். வீடு வேண்டுமென்றால் கல்யாணம் ஆகியிருக்க வேண்டும். கல்யாணம் ஆக வேண்டுமென்றால் கோர்ட் என்னை விட வேண்டும். சட்டம் கட்டாதே என்றது, தெரு கட்டாமல் வராதே என்றது. இரண்டும் கலந்து பேசிக்கொண்டதாகத் தெரியவில்லை. எனக்கிருந்த இன்னொரு வழி கருவேப்பிலங்குறிச்சியில் அண்ணன் வீடு. அங்கே போனால் அண்ணனே என்னைத் திட்டக்குடிக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டு வருவார்.

கோயில் வாசல் கடையில் ஒரு மஞ்சள் கயிறும் மஞ்சள் கிழங்கும் கேட்டேன். “மாத்துறதுக்கா, புதுசாவா?” என்றாள் கடைக்காரி. புதுசு என்றால் மாப்பிள்ளை எங்கே என்பாள். “மாத்துறதுக்கு” என்றேன். தங்கியிருந்த விடுதியில் கண்ணாடி முன்னால் நின்று நானே மூன்று முடிச்சும் போட்டுக்கொண்டேன். கடைசி இரண்டு முடிச்சை நாத்தனார் போடுவதுதான் வழக்கம். என் நாத்தனார் எதிர்த்தரப்பில் சாட்சி.

அன்றைக்குச் சாயங்காலம் சூளைக்காரர் என் கழுத்தைப் பார்த்துவிட்டு, “ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானும் வந்திருப்பேன்ல” என்றார்.

“உங்களுக்காகக் கட்டிக்கல. வூட்டுக்காகக் கட்டியிருக்கேன்” என்றேன்.

வீடு உடனே கிடைத்தது. மாடி, இரண்டு அறை. கீழே ஓனரும் ஓனரம்மாவும். ஓனர் படியில் நின்றபடியே சட்டதிட்டங்களைச் சொன்னார். வெள்ளிக்கிழமை மீன் கூடாது. நைட்டியைத் தெருப் பக்கக் கொடியில் காயப்போடக் கூடாது. துணி துவைக்கும் சத்தம் மத்தியானத்தில் கேட்கக் கூடாது. “ஃபேமிலிக்கு மட்டுந்தான் வூடு” என்று முடித்தார். நான் கயிற்றைச் சேலைக்கு வெளியே இழுத்துவிட்டுக்கொண்டேன்.

அந்த இரண்டு அறையில்தான் முதன்முதலாக எனக்குப் பிடித்த நேரத்தில் தூங்கி எழுந்தேன். இன்றைக்குச் சமைக்க முடியாது என்று சொல்லிவிட்டுப் படுத்திருக்கிறேன். அதற்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. சந்தோஷமாக இருந்தேன். இதை விட்டுவிட்டு எங்கேயும் போகக் கூடாது என்பதைத் தவிர எனக்கு வேறு கவலை கிடையாது.

யூனிட்டில் என் வேலை, அச்சிலிருந்து எடுத்த ஈரப் பொம்மையில் அச்சு சேர்ந்த இடத்துப் பிசிறைப் பிளேடால் சீவி ஸ்பாஞ்சால் துடைப்பது. குனிந்து வேலை செய்யும்போது கழுத்தில் தொங்குவது பட்டால் பொம்மையில் கோடு விழும். அதனால் உட்கார்ந்ததுமே எல்லாரும் வளையலைக் கழற்றிவிட்டுத் தாலியை முதுகுப் பக்கம் தள்ளிவிட்டுக்கொள்வோம். யாருக்கு யார் கட்டியது என்று அங்கே யாரும் கேட்டதில்லை.

ஆடிப் பதினெட்டு வந்தது. தாலிக் கயிறு மாற்றும் நாள். ஓனரம்மா காலையிலேயே என்னைக் கீழே கூப்பிட்டுக் கிழக்கே பார்த்து உட்காரவைத்தார். குங்குமம் வைத்து, புதுக் கயிற்றைத் தன் கையாலேயே என் கழுத்தில் கட்டிவிட்டார். “தீர்க்காயுசா இருக்கணும்” என்றார். யாரைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

போன மாதம் தீர்ப்பு வந்தது. என் கையெல்லாம் களிமண், போனை எடுக்கவில்லை. வக்கீலின் குமாஸ்தா நல்ல மனுஷர், வீட்டுக்கே போய் ஓனரம்மாவிடம் சொல்லிவிட்டார்: “மாடியில இருக்கிற அம்மாவுக்கு விவாகரத்து கெடைச்சிடுச்சு, வந்தா சொல்லிடுங்க.”

நான் வேலை முடிந்து வந்தபோது ஓனரம்மா மாடிப் படியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். அன்றைக்கு லீவில் இருந்த இவர் பக்கத்தில் காபி டம்ளரோடு உட்கார்ந்திருந்தார். “நான் எங்கயும் போகலீங்க” என்று சொல்லிக்கொண்டிருந்தார். பல தடவை சொல்லிவிட்டார் போலத் தெரிந்தது.

ஓனரம்மா நிமிர்ந்து என் கழுத்தைப் பார்த்தார். “அதுக்குள்ள கழட்டிட்டியா?” என்றார். “அந்த மனுசன் அதிர்ந்து பேசி நான் கேட்டதில்ல. காலையிலகூட உன் பொடவைய அவருதான் காயப்போட்டாரு. எந்த வூட்ல நடக்குது இதெல்லாம்? ஒனக்கு என்னம்மா கொறை?”

யோசித்துச் சொல்கிறோம் என்று சொல்லிவிட்டு மாடி ஏறியிருக்கலாம். நாலு நாள் கழித்துச் சேர்ந்துவிட்டோம் என்று சொல்லியிருந்தால் ஓனரம்மாவே பாயசம் வைத்திருப்பார். ஆனால் இத்தனை காலம் காத்திருந்து வந்த தீர்ப்பு. ஒரு தப்பும் செய்யாத மனுஷர் குற்றவாளி மாதிரி உட்கார்ந்திருக்கிறார். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

“யக்கா, இவரு என்னைக் கட்டுனவரு இல்ல. என்னைக் கட்டுனவரு திட்டக்குடில இருக்காரு. இன்னிக்கு அவருகிட்டருந்துதான் விடுதலை.”

அழுகை நின்றது. “அப்ப கழுத்துல கெடந்தது?”

“கழட்டல. வேலையில முதுகுப் பக்கம் தள்ளுனது, அங்கியே கெடக்குது.”

“அத யாரு கட்டுனது?”

“மொதல்ல நானே கட்டிக்கிட்டேன். இப்ப இருக்கிறது, ஆடிப் பதினெட்டுக்கு நீங்க கட்டுனது.”

இவர் டம்ளரைக் கீழே வைத்தார். சட்டி பானையை எதில் கட்டுவது என்றுகூட யோசித்துவிட்டேன்.

உள்ளேயிருந்து ஓனரின் குரல் வந்தது. “என்ன பஞ்சாயத்து அங்க?”

ஓனரம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “ஒண்ணுமில்லங்க. மாடி வூட்டுப் பொண்ணுக்கு ஏதோ கேஸு ஜெயிச்சிருக்குதாம்” என்று உள்ளே பார்த்துச் சொன்னார்.

பிறகு எழுந்து என் பின்னால் வந்தார். ஜாக்கெட்டுக்கு மேலே கிடந்த கயிற்றைப் பிடித்து, முடிச்சை விரலால் அழுத்தி இழுத்துப் பார்த்தார்.

“நல்லாத்தான் போட்டிருக்கேன்” என்று சொல்லிவிட்டு, கயிற்றை முன்பக்கம் திருப்பிவிட்டார்.