நொக்னரே வைரவர்

அன்றைக்கு எலுமிச்சை மரத்தடியில் இருந்தவர்கள் அம்மா, நான், பக்கத்து வீட்டு அயர்லாந்துக்கார அங்கிள், அவருடைய கிழட்டு நாய். அப்பா இல்லை, டண்டினோங்கில் கோழி வெட்டுகிற தொழிற்சாலையில் வேலைக்கு நின்றார். அக்காவும் இல்லை, பள்ளிக்கூட முகாமுக்குப் போயிருந்தா. அவ இருந்திருந்தால் அங்கிள் சொன்னதை ஒன்று விடாமல் தமிழில் சொல்லியிருப்பா. எனக்குப் பத்து வயது. வீட்டுக்கு வருகிற கடிதம், டொக்டர் சொல்வது, விசா அலுவலகம் கேட்பது எல்லாவற்றையும் மாற்றிச் சொல்லிச் சொல்லி அந்த வயதிலேயே களைத்துப் போயிருந்தேன்.

விசயம் ஒரு கல்லைப் பற்றியது. அவுஸ்திரேலியாவில் நாங்கள் இருந்த நோபல் பார்க்கில் வேண்டாத பெரிய சாமான்களை வருசத்துக்கு ஒருக்கால் வாசலில் வைத்தால் கவுன்சில் என்கிற நகரசபை அள்ளிக்கொண்டு போகும். எங்கள் வீட்டுக் கதிரைகள், மேசை, அப்பா படுக்கிற சோபா எல்லாம் கவுன்சிலுக்கு முந்தி அம்மா அள்ளியவைதான். அந்த வருசம் அங்கிள் இடுப்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். அவருடைய மகள் வந்து நாயை எங்களிடம் பார்க்கச் சொல்லிவிட்டு, வீட்டை ஒதுக்கிப் பாதியை வாசலில் போட்டுவிட்டுப் போனா. உடைந்த அலமாரிக்குப் பக்கத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு சாண் உயரக் கல் ஒன்று நிமிர்ந்து நின்றது. அலமாரியைப் பார்க்கப் போன அம்மா, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் கல்லைத் தூக்கினா.

அதை எலுமிச்சை மரத்தடியில் வைத்ததும் நாய் போய் அதன் காலடியில் படுத்துக்கொண்டது. வைரவருக்கு வாகனம் நாய். அம்மாவுக்கு அதற்கு மேல் சாட்சி வேண்டியிருக்கவில்லை. தன் வீட்டுச் சாமானை நாய் மணந்து கண்டுபிடித்திருக்கும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. சந்தனம், குங்குமம், செவ்வரத்தம்பூ. எங்களுடைய அகதி விசா ஐந்து வருசமாக முடிவில்லாமல் கிடந்தது. நல்ல முடிவு வந்தால் நூற்றெட்டு வடையில் மாலை சாத்துவதாக அம்மா நேர்ந்து, வெள்ளிக்கு வெள்ளி இரண்டு டொலரைப் பால்மாத் தகரத்தில் போட்டு வந்தா.

ஒரு வருசம் ஆஸ்பத்திரியிலும் மகள் வீட்டிலும் கிடந்துவிட்டு, முதியோர் இல்லத்துக்குப் போகுமுன் மிச்சச் சாமானைக் கட்ட அங்கிள் திரும்பி வந்தார். நாயைக் கூட்டிப்போக வந்தவர் மரத்தடியைப் பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார். பிறகு கவிழ்த்து வைத்த வாளியில் மெல்ல இருந்து, என்னைப் பார்த்துக் கதைக்கத் தொடங்கினார்.

அவருடைய ஊருக்கு மேலே நொக்னரே என்று ஒரு மலை. ஒரு பக்கம் கடல். எதிரே உச்சியைக் கத்தியால் சீவிவிட்டதுபோல இன்னொரு மலை. மழை வருமுன் நொக்னரேயின் தலையில் மேகம் தொப்பிபோல வந்து குந்துமாம். உச்சியில் வீடளவு உயரத்துக்குக் கற்குவியல். அதற்குள் பழங்காலத்து ராணி ஒருத்தியை ஈட்டியோடு, எதிரிகளின் திசையைப் பார்த்து, நின்ற நிலையில் புதைத்திருக்கிறார்களாம். ஏறுகிறவர்கள் அடிவாரத்தில் ஒரு கல் எடுத்துப்போய் மேலே போட வேண்டும். மேலிருந்து ஒன்றையும் கீழே கொண்டுவரக் கூடாது. அவுஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏறுகிற கிழமை, இருபது வயதில், இவர் ஒரு கல்லைக் கோட்டுக்குள் ஒளித்துக்கொண்டு இறங்கிவிட்டார். மனைவி இளம் வயதில் செத்தது, மகன் பேசாமல் போனது, கடைசியாக இடுப்பு. ஒவ்வொன்றையும் சொல்லிச் சொல்லி, மூன்று தரம் "பாட் லக்" என்றார். சாகுமுன் கல் திரும்பிப் போக வேண்டும். மலையடியில் இருக்கிற தங்கச்சியின் பேரன் மேலே கொண்டுபோய் வைப்பான்.

"என்னவாம்?" என்று அம்மா கேட்டா.

அடுத்த மாதம் விசா முடிவு வரும் என்று வக்கீல் சொல்லியிருந்தார். அம்மா கும்பிட்டது தரித்திரம் பிடித்த கல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதை விழுங்கிவிட்டு, கல் ஒரு ராணியின் கல்லறையில் இருந்து வந்ததாம், திருப்பிக் கேட்கிறார் என்று மட்டும் சொன்னேன். அது பாதகமில்லாத பகுதி என்று நினைத்தேன்.

அம்மாவின் முகம் கறுத்துப் போனது. "சவக்காலைக் கல்லையோடா நான் இவ்வளவு நாளும் கும்பிட்டனான்?"

"ராணி படுக்கேல்லை அம்மா. ஈட்டியோட நிண்டு காவல் காக்கிறாவாம்."

அம்மா கல்லைப் பார்த்தா. நாயைப் பார்த்தா. "அப்ப வைரவர்தானே," என்றா. பிறகு, "குடுக்கிறம் எண்டு சொல்லு. ஒராளாவது ஊருக்குப் போகட்டும்."

கொடுக்கிறோம் என்பதை மட்டும் சொன்னேன். மற்றதை இங்கிலீசில் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

குங்குமத்தைக் கழுவாமலே பழந்துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தோம். நாலு கிலோ. தபாற்கந்தோரில் படிவம் நிரப்பியது நான்; சாமான் என்ற இடத்தில் கல் என்று எழுதினேன். பெறுமதி கேட்டார்கள். அம்மா ஒன்றும் போடாதே என்றா. ஏதாவது போடத்தான் வேண்டும் என்றார்கள். ஒரு டொலர் என்று போட்டேன். அங்கிள் காசுப்பையை எடுத்தார். அம்மா அவருடைய கையைத் தள்ளிவிட்டு, கைப்பைக்குள் இருந்த பால்மாத் தகரத்தைத் திறந்தா.

விசா முடிவு சொன்னபடி அடுத்த மாதம் வந்தது. நிராகரித்திருந்தார்கள். வேலை உடுப்போடு சோபாவில் சாய்ந்திருந்த அப்பா, வைரவரைப் பார்சலில் அனுப்பினால் வேறென்ன வரும் என்றார். குசினியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்த அம்மா திரும்பவில்லை.

"அதைப் பற்றிக் கதையாதேங்கோ. அந்த மனுசன் மூண்டு தரம் பாட் லக் எண்டு சொன்னவர். பெடியன் மறைச்சவன். ஆறு வருசமா எல்லாரும் எங்களுக்குச் சொல்லுற சொல்லு, எனக்கு விளங்காதோ?"

மேன்முறையீடு, இன்னும் நாலு வருசம், பிறகு ஒருவழியாக விசா. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் போனவன் நான். அங்கே நூலகத்தில் அந்த மலையைத் தேடி வாசித்தேன். கற்குவியல் ஐயாயிரம் வருசத்துக்கு மேல் பழையதாம். உள்ளே ராணி நிற்கிறாவா என்று இன்றுவரை ஒருவரும் தோண்டிப் பார்க்கவில்லை.

தரித்திரம் என்று முழுதாக விளங்கியிருந்தும், அந்தக் கல் வீடு போய்ச் சேர அம்மா ஏன் வடைமாலைக் காசைக் கொடுத்தா என்பது மட்டும், "ஒராளாவது" என்று அவ சொன்னதைக் கேட்டிருந்தும், கனகாலம் எனக்கு விளங்கவில்லை. தபாற்கந்தோர்ப் பெண்ணுக்கு முன்னால் அதைச் சில்லறையாக இரண்டு தரம் எண்ணி வைத்தா. தொண்ணூற்று நாலு டொலர் அறுபது சதம்.