இரண்டு ஊதாத் தபால்தலைகள்

முப்பது வருஷம் பினாங்கில் தபால் குமாஸ்தாவாக இருந்து ஓய்வுபெற்றவன் நான். எனக்குத் தெரியாத முறை கிடையாது என்று நானே சொல்லிக்கொள்வேன்.

துறைமுகத்தில் வேலை பார்த்த சூசை, உறைத்துண்டில் ஒட்டியிருந்த இரண்டு ஊதாத் தபால்தலைகளைக் கொண்டுவந்தார். பார்வைக்கு இரண்டும் ஒன்றே. ஆனால் ஒன்று சுண்ணப்பூச்சுத் தாளில் அச்சானது; அவர் பத்து வருஷமாகத் தேடியது.

"எதுன்னு பாத்துச் சொல்லுங்கண்ணே."

"மொதல்ல ஊற வச்சுப் பிரிக்கணும் தம்பி. முறைன்னு ஒண்ணு இருக்குலா" என்று இரண்டையும் ஒரு கிண்ணத் தண்ணீரில் போட்டேன். பூச்சுத்தாளின் மை தண்ணீரில் கரையும் என்பது எனக்குத் தெரியாது. ஒன்றிலிருந்து ஊதா கசிந்து பரவியது. அதில் அச்சாகியிருந்த மன்னரின் முகமே போய்விட்டது.

சூசை கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "பரவால்லண்ணே, எதுன்னு தெரிஞ்சிருச்சுலா" என்று கை துடைக்கத் தன் துண்டை நீட்டினார்.

அன்றுமுதல் "எனக்குத் தெரியாது" என்று சொல்லிப் பழகுகிறேன். வாய்க்கு இன்னும் சரியாக வரவில்லை.