எந்த பிளாக்குன்னு கேட்டாங்க

இன்னைக்கு சாயங்காலம் மெயின் பஜார் காய்கறிக் கடையில, பக்கத்துல நின்ன ஒரு அம்மா என் பொண்ணுகிட்ட சிரிச்சுக்கினே கேட்டாங்க.

"எந்த பிளாக் பாப்பா? அப்பா எந்த மைன்ஸ்?"

நம்ம சுரங்க டவுன்ஷிப்ல பேருக்கு முன்னாடி கேக்குற கேள்வி. ஏழாவது படிக்கிறவ, என் முதுகுக்குப் பின்னாடி போயி நின்னுட்டா.

"பெரியவங்க கேட்டா பதில் சொல்லணும்னு சொல்லிக் குடுக்கலீங்களா?"

குடுத்திருந்தோம். வெனையே அதுதான்.

பாஸ்வேர்டு கேட்டா சொல்லாதன்னும் சொல்லித்தான் வெச்சிருந்தோம். போன மாசம் மொபைல் கேம்ல வந்தவன் அதைக் கேக்கவே இல்ல. எந்த பிளாக்குன்னு கேட்டான், அப்பாவுக்கு இந்த வாரம் என்ன ஷிஃப்ட்டுன்னு கேட்டான். இப்படிக் கேக்குறவர் நம்ம ஊர்க்காரராத்தான் இருப்பாருன்னு நம்பி, ஸ்கூலு, பொறந்த தேதி, போட்டோ எல்லாம் குடுத்துட்டா.

நம்ம ஊர்க்காரன்தான்னு நானும் நெனைக்கிறேன்.

இப்ப இவ பேர்ல, இவ மூஞ்சிய வெச்சுக்கினு, கிளாஸ் பொண்ணுங்ககிட்ட போட்டோ அனுப்பச் சொல்லிக் கேக்குறான். புகார் குடுத்திருக்கோம். ஒரு கணக்க மூடினா இன்னொண்ணு வருது. கூடப் படிக்கிற பொண்ணுங்க இவ பக்கத்துல உக்கார்றதில்ல.

அந்த அம்மாகிட்ட இதெல்லாம் சொல்லல. "கொஞ்சம் கூச்சப்படுவா"ன்னு சொல்லிட்டு, தக்காளிய வாங்கிக்கினு வந்துட்டேன்.

உங்க வூட்டுப் பொண்ணுக்கு என் பொண்ணு பேர்ல மெசேஜ் வந்தா எனக்குச் சொல்லுங்க. அது இவ இல்ல. இவ இப்ப யார்கிட்டயும் பேசுறதில்ல.